ஆஃப் சேச்சி

எங்கள் சந்தில் அவளுக்கு ஆஃப் சேச்சி என்று பெயர். சேச்சி என்றால் அக்கா. அவள் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை என்னிடமே கேட்டாள்: "பேரு வெச்சதுதான் வெச்சாங்க, மொகத்துக்கு நேராக் கூப்பிட்டா என்னா?"

பெயர் வரக் காரணம் எங்கள் வீடுதான். மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டு மாடிக்கு அவள் குடிவந்த அன்று, வீட்டுக்காரர் எங்களிடம் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்க வந்தாள். நான் உள்ளே போய் எடுத்து வருவதற்குள் கூடத்தில் டி.வி. முன்னால் நின்று, கேபிள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"யாராவது டி.வி. பாக்கறீங்களா?" என்றாள்.

"இல்லையே."

"பின்னே இது எதுக்கு முழிச்சுக்கிட்டு இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு போயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் படியேறிப் போய்விட்டாள். அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்தவா ஆத்துல நொழைஞ்சு சுவிட்சைத் தொடறாளே, என்ன பொண்ணு இவள்?" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலேயே எதிர்வீட்டிலும் கடைசி வீட்டிலும் அதே மாதிரி நடந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அவளைப் பிடித்துப்போக நாளாயிற்று. நான் பஜாரில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவள். அவள் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். காலையில் ஒரே ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்போம். அவளாகப் பேச மாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் கேட்டதற்கு மட்டும். முதலில் தலைக்கனம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவி இரவல் வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் மின்சாரம் அளக்கிற மீட்டர். அவள் கையில் நகவெட்டி. பெட்டிக்குள் மினுங்கிய ஒரு பச்சை விளக்கின் காலை நகவெட்டியால் நறுக்கென்று வெட்டினாள். மீட்டரில் எண் சட்டென்று விழுந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இந்த ஒரு வெளக்கு, பெட்டியோட மத்த எல்லாத்தையும்விட அதிகமாத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. எதுக்குத் தெரியுமா? பெட்டி வேல செய்யுதுன்னு பாக்கறவங்களுக்குத் தோணறதுக்கு!"

அது என்ன பெட்டி என்று கேட்டேன். அப்போதுதான் அவள் நீளமாகப் பேசி முதன்முதலாகக் கேட்டேன்.

எங்கள் சந்து தோட்டை ஒட்டியது. தோடு என்றால் காயலில் போய்ச் சேரும் வாய்க்கால். மற்ற ஊர்களில் கார்த்திகை என்கிற மாதத்தை இங்கே விருச்சிகம் என்போம். அந்த மாதம் பிறந்தால் மழையே இல்லாமல் கடல் ஏற்றத்தோடு காயலும் ஏறி வரும். தோடு வழியாகவும் சாக்கடை ஓடை வழியாகவும் குளியலறைக் குழி வழியாகவும் வீட்டுக்குள் நுழையும். அதற்கு வேலியேற்றம் என்று பெயர். எப்போது எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சாமான்களைத் தூக்கி வைக்கலாம், கிடக்கிறவர்களை மாடிக்குக் கொண்டுபோகலாம். அதற்காகத்தான் அவள் கம்பெனி இந்தப் பெட்டிகளைச் செய்தது. தோட்டோரச் சுவர்களில் வரிசையாக மாட்டுவார்கள். ஒவ்வொன்றும் கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று பார்த்து, அடுத்த பெட்டிக்கு ரேடியோவில் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் ரேஷன் கடை மூலையில் இருக்கிற பெரிய பெட்டி இண்டர்நெட்டில் அனுப்பும். பெரிய பெட்டிக்குக் கரண்ட் உண்டு. சுவர்ப் பெட்டிகளுக்கு பேட்டரி மட்டும்தான்.

"வெள்ளத்தைப் பாக்க ஆகற கரண்ட் கொஞ்சந்தான்" என்றாள். எங்கள் ஊர்த் தமிழில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். "வாயத் தொறந்து பேசறப்பத்தான் போவும். அதைவிட மோசம் என்னா தெரியுமா? காதத் தொறந்து வெச்சுக்கிட்டு, யாராச்சும் கூப்பிடுவாங்களா, கூப்பிடுவாங்களான்னு காத்துக் கெடக்கறது. பேசாமலே செத்துப்போவும். அதான் நான் இதுங்களை ஒறங்க வெக்கிறேன். நடுநடுவுல எந்திரிச்சு வெள்ளத்தைப் பாக்கும். மாறலேன்னா மிண்டாது, வாயே தொறக்காது, திரும்ப ஒறங்கிரும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்துல ஒரு கண்ணு முழிப்பு, கேக்கறதுக்கு. ஏற ஆரம்பிச்சா அடிக்கடி பாக்கும், ஒடனே சொல்லும்."

"அவ்வளவு கரண்ட் மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம் சேச்சி? ஒரு பேட்டரிதானே?"

அவள் என்னை முறைத்தாள். "பேட்டரி மாத்த யாரு வருவாங்க? வெக்கற அன்னிக்கு போட்டோ எடுக்க எல்லாரும் வருவாங்க. செத்த அன்னிக்கு யாரு வருவா?"

அவளுக்கு அது தெரிந்திருந்தது. அவள் அப்பா கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில், எல்லா ஓடையும் வந்து சேருகிற பள்ளத்தில், தமிழ் பேசுகிற குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள். விருச்சிகத்தில் புத்தகப் பையைத் தலையணையாக வைத்துக்கொண்டு மேசைமேல் தூங்கிப் படித்து, களமசேரியில் இன்ஜினியரிங் முடித்தாள். அதையெல்லாம் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்ல மாட்டாள். பேச்சு வாக்கில் ஒன்றிரண்டு சொட்டு விழும், அவ்வளவுதான்.

சந்துக்காரர்களுக்கு அவளோடு ஒத்துப்போவது சுலபமாக இல்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். தினமும் காலையில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் படம் போடுகிறவள் என் அம்மா. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த ஆஃப் சேச்சி, "இந்தப் பூ போறதுக்கும் வரதுக்கும் எங்கேயோ ஒரு கட்டடத்துல ராப்பகலா மிஷின் ஓடுது. விஷயம் இருந்தா மட்டும் எழுதுங்க" என்று போட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகினாள். அம்மா அவளோடு பேச்சை நிறுத்தினாள். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மாவுக்கு அதுதான் இன்னும் கோபம்.

அவளுடைய அம்மா தேவராவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒருநாள் அந்த அண்ணன் வந்து படியிலேயே நின்று சத்தம் போட்டார். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"மாசக்கணக்கா ஒரு போன் கெடையாது. அம்மா அழுவறா."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேண்ணா."

"அவளுக்கு விஷயம் வேணாண்டி. நீ உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்!"

 அண்ணன் போன பிறகும் அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவள் குரல் ஒருமுறை கேட்கும். "அம்மா, இருக்கேன்." போனை வைத்துவிடுவாள். மொத்தப் பேச்சும் அதுதான். அவள் அம்மாவுக்கு அது போதுமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

பெட்டிகளை மாட்டி முடித்ததும் வாசகசாலை ஹாலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கவுன்சிலர் வந்தார், கம்பெனி மேனேஜர் வந்தார், சந்துக்காரர்கள் எல்லாரும் போனோம். பெரிய திரையில் எங்கள் சந்தின் வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். மேனேஜர் நன்றாகப் பேசினார். பேசி முடித்ததும் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்கள் அப்படியே நின்றன.

கவுன்சிலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஹேங் ஆயிடுச்சா?" என்றார். பேச்செல்லாம் மலையாளத்தில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

மேனேஜர் அவசரமாக எழுந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"வெள்ளம் ஏறலே சார். ஏறாததை அது எப்படிக் காட்டும்?"

கவுன்சிலர் சிரித்துவிட்டார். ஹாலும் சிரித்தது. மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அவளும் மேனேஜரும் பேசிக்கொண்டது எனக்கும் எதிர்வீட்டு சுபைதா இத்தாவுக்கும் கேட்டது. நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாப் பெட்டியும் எண்ணை அனுப்ப வேண்டும், திரை அசைய வேண்டும் என்றார் அவர். அந்தப் பச்சை விளக்கையும் திரும்பப் போட வேண்டும்.

"முடியாது சார்."

"சும்மா இருக்கறதும் செத்துக் கிடக்கறதும் திரையில ஒரே மாதிரி இருந்தா நான் எதை நம்பறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது நியாயம்" என்றாள். அடுத்த வாரமே அதற்கு வழி செய்துவிட்டாள். தண்ணீர் மாறாவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியும் நாளுக்கு ஒருதரம் 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பும். வராவிட்டால் அந்தப் புள்ளி கறுத்துவிடும். ஆனால் நிமிஷத்துக்கு ஒருமுறை என்பதற்கு மட்டும் அவள் இறங்கி வரவில்லை. "உங்க திரை ஆடணும்னு என் பெட்டியைச் சாகடிக்க மாட்டேன்" என்று ஆபீஸில் எல்லார் முன்னாலும் சொன்னாளாம். அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு யாரோ எழுதிய ப்ரோகிராமை அங்கிருந்தபடியே ரேடியோவில் அனுப்பி எல்லாப் பெட்டியிலும் ஏற்றினார்கள்.

திரை அசைய ஆரம்பித்தது. போனிலேயே பார்க்கலாம். தண்ணீர் ஓர் இஞ்ச் ஏறுவதும் இறங்குவதும் கோடாக ஓடும். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். அம்மாகூட குட் மார்னிங் பூவுக்கு அடுத்தபடியாக அதைப் படம் பிடித்துக் குழுவில் போடுவாள். ஆஃப் சேச்சியிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்காமலே பார்த்தாள்.

"நல்லா ஆடுது" என்றாள். "ரேஷன் கட பெரிய பெட்டிக்குப் பக்கத்துல இருக்கற சொவர்ப் பெட்டிதான் பாவம். மொத்த சந்தோட பேச்சையும் அதுதான் சொமக்குது. அதான் மொதல்ல போவும்."

அவளை ஆபீஸில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு மாதிரி வீட்டு வேலையில் போட்டார்கள். 'விளக்கு போடு' என்றால் எரிகிற விளக்கு, தானாக மூடுகிற ஜன்னல் திரை, இதெல்லாம் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற இடம். அவள் போன முதல் வாரமே ஒரு பணக்கார வாடிக்கையாளரிடம், "அணைச்சு வெச்சாலும் இந்த பல்பு அணையாது சார், நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னு காதத் தீட்டிக்கிட்டு நிக்கும். அம்பது பல்பு வெச்சா அம்பது காது. கையில சுவிட்ச் போட எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் வாங்காமல் போய்விட்டார். அதை என்னிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் பயம். இவள் வேலையில் நிலைப்பாளா?

விருச்சிகம் வந்தது. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். குளியலறைக் குழியில் குடுகுடுவென்று சத்தம். கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அரிசி மூட்டையை மேசையில் ஏற்றினோம். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து சுபைதா இத்தா அலறுவது கேட்டது.

அவள் புருஷன் ஹம்சிக்கா லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உயரமான கட்டிலில் படுத்தால் உருண்டு விழுகிறார் என்று தரையோடு தரையாக ஒரு பலகைக் கட்டில் போட்டிருந்தார்கள். நான் போனபோது மெத்தை நனைந்து, அவர் முதுகு முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. தலையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இத்தா உட்கார்ந்திருந்தாள். அவள் ஒருத்தியால் அவரைத் தூக்க முடியாது. எனக்குப் பின்னாலேயே ஆஃப் சேச்சி ஓடி வந்தாள். மூன்று பேருமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, படியேற்றினோம். அவர் உடம்பு நடுங்கியது. வாய் மட்டும் நிற்கவில்லை, எங்களையும் காயலையும் கார்ப்பரேஷனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இருந்தார்.

கீழே வந்ததும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "போனைப் பாரு. என்னா காட்டுது?"

எடுத்துப் பார்த்தேன். "எல்லாம் பச்சை சேச்சி. நார்மல்னு போட்டிருக்கு."

"எப்ப வந்த நார்மல்?"

அது எங்கும் போட்டிருக்கவில்லை. ரேஷன் கடைப் பெரிய பெட்டிக்குப் பக்கத்துச் சுவர்ப் பெட்டி என்றோ செத்துப்போயிருந்தது. அதற்கு அடுத்தடுத்து இருந்தவையும் போய்விட்டன. உள்ளே இருந்த சில பெட்டிகளுக்கு உயிர் இருந்தது. அவை விடியற்காலையிலிருந்தே தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது என்று கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கேட்டுச் சொல்ல ஆளில்லை. திரையோ கடைசியாக வந்த எண்ணை வைத்துக்கொண்டு பச்சையாகவே நின்றது. நாளுக்கு ஒருமுறை 'இருக்கேன்' சொல்லாத பெட்டியைக் கறுப்பாகக் காட்டுகிற அவளுடைய ஏற்பாட்டையும் புது ப்ரோகிராமில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஹம்சிக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் பிழைப்பாரா என்று சில நாள் யாருக்கும் தெரியவில்லை.

அன்று அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. தண்ணீர் வடிவதற்கு முன்பே மேனேஜருக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், எல்லாப் பெட்டியிலேயும் என் ப்ரோகிராமைத் திரும்ப ஏத்தப் போறேன். திருட்டுத்தனமாச் செய்யலே, சொல்லிட்டுத்தான் செய்யறேன். தடுக்கணும்னா இங்க வாங்க. வரும்போது நல்ல செருப்பு வேண்டா, வெள்ளம் இருக்கு."

லேப்டாப்பை ஒரு பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைக் கழற்றுவாள், வயரைச் சொருகுவாள், ஏற்றுவாள், பேட்டரி மாற்றுவாள், மாட்டுவாள். பேட்டரியை அந்தந்த வீட்டுக்காரர்களே வாங்கிவந்து கையில் கொடுத்தார்கள். அவளிடம் பேசாதிருந்த என் அம்மா, ஒன்றும் சொல்லாமல் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர் வந்துவிட்டார். அவள் அப்போது சுபைதா இத்தா வீட்டுச் சுவரில் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தாள். இத்தா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போக வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இது கம்பெனி பிராப்பர்ட்டி. இதைத் தொட உனக்கு அதிகாரம் இல்லே" என்றார் அவர்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "பெட்டி கம்பெனியோடது. சொவரு இத்தாவோடது. இத்தா சொன்னா இப்பவே கழட்டிக் கையில தரேன். இத்தா, கழட்டட்டா?"

இத்தா தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "கழட்டட்டும். அவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் அவரை இந்த சார் வீட்டுலேயே கொண்டுபோய்ப் படுக்க வெச்சிடறேன். அங்கே தண்ணி ஏறாதில்லே?"

சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டு, "நாளைக்கு ஆபீஸ் வந்து ஒரு சாரி சொல்லு. நான் பார்த்துக்கறேன். இதோட முடிஞ்சிரும்" என்றார்.

"எதுக்கு சாரி? நான் ஒறங்க வெச்சதுக்கா, நீங்க சாகடிச்சதை எழுப்பினதுக்கா?"

அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று. பெட்டிகளைக் கழற்ற யாரும் வரவில்லை. ஹம்சிக்கா தண்ணீரில் கிடந்த செய்தி அதற்குள் பத்திரிகைக்குப் போயிருந்தது.

வேலையில்லாமல் இருந்த அந்த மாதங்களில்தான் அவளை நான் நெருங்கிப் பார்த்தேன். இளைத்துப்போனாள். வாடகை கொடுக்கச் சிரமப்பட்டாள் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை. தனு மாதத்தில், அதாவது மார்கழியில், காயல் மறுபடி ஏறியபோது, தண்ணீர் தோட்டின் கரையைத் தொடுமுன்பே பெட்டிகள் அனுப்பிய எச்சரிக்கையில் எல்லார் போனும் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஹம்சிக்காவை அவசரமில்லாமல் மேலே ஏற்றினோம். அன்று சந்தே அவளைக் கொண்டாடியது. அடுத்த மாதமே பொய்யாக ஒருதரம் அடித்து, எல்லாரும் பீரோவரை தூக்கி மேலே வைத்தபின் தண்ணீரே வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவர் மிதந்து வந்து பெட்டியின் கண்ணுக்குக் கீழே சிக்கியிருந்தது. அதே சந்து அவளைத் திட்டித் தீர்த்தது. அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று முழுதாக வாங்கிக்கொண்டாள். "தப்பு என்னுதுதான்" என்றாள். பிறகு அதைச் சரிசெய்யும்வரை சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் மழை முடிகிற சமயம் மேனேஜர் அல்வாப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தார். இதே திட்டத்தைப் பக்கத்துச் சந்துகளுக்கெல்லாம் கொண்டுபோகிறார்கள். துவக்க விழாவில் அவள் மேடையில் இருக்க வேண்டும். மீண்டும் வேலை, முன்பைவிடப் பெரிய வேலை.

"எந்த ப்ரோகிராம்?" என்றாள் அவள்.

"உன்னுடையதுதான்."

அவள் சம்மதித்தாள். அன்று இஸ்திரி போட்ட காட்டன் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சந்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் பிரியாணி அண்டா வந்து இறங்கிக்கொண்டிருந்தது. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பாதுகாப்பு என்று பேனரில் பெரிதாக எழுதியிருந்தது. திரையைப் போட்டார்கள். புதுச் சந்துகளில் முதலில் மாட்டிய சில பெட்டிகளின் எண்கள் துள்ளிக்கொண்டிருந்தன, கோடுகள் ஓடின. கைதட்டல்.

அவள் பக்கத்திலிருந்த மேனேஜரிடம் குனிந்து ஏதோ கேட்பதும், அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று பிறகு அவள் சொன்னாள். "இது என்னுது இல்லையே?" என்று கேட்டிருக்கிறாள். "விழாவுக்காக மட்டும். அசைஞ்சாத்தானே ஜனங்களுக்குப் பிடிக்கும்? கொஞ்ச நாள் கழிச்சு மாத்திக்கலாம்" என்றிருக்கிறார் அவர்.

அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தக் கோடு ஆடறதைப் பாருங்க" என்றாள். "தோட்டுல இப்ப வெள்ளம் ஆடலே. வேல இல்லாத பேச்சுப் பேசி இந்தப் பெட்டிங்க விருச்சிகத்துக்கு முன்னாடியே செத்துடும். அது நடந்ததை எங்க சந்து பாத்திருக்கு. உங்க வீட்டுச் சொவத்துல மாட்ட வந்தா, எந்த ப்ரோகிராம்னு கேட்டுட்டு மாட்ட விடுங்க. இதுக்குமேல இந்த மேடையில நிக்க எனக்கு மனசில்லே."

இறங்கிவிட்டாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசலுக்குப் போனாள். முதலில் சுபைதா இத்தா எழுந்தாள். அடுத்து என் அம்மா. பிறகு நான். எங்கள் வரிசை முழுவதும் எழுந்தது.

வெளியே வந்ததும் அவளுக்கு எங்கள்மேல்தான் கோபம். "நீங்க எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? பிரியாணி இருந்துச்சே!"

"வாயை மூடிண்டு வா" என்றாள் அம்மா. "ஆத்துல தோசை மாவு இருக்கு."

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் நிறையத் தோசை சாப்பிட்டாள். 

கொஞ்ச நாளில் குட்டநாட்டுக்குப் போய்விட்டாள். கடல் மட்டத்துக்குக் கீழே வயல் இருக்கிற ஊர் அது. வரப்பு உடைந்தால் மொத்த விளைச்சலும் போகும். அங்கே விவசாயிகள் சிலர் சேர்ந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். போகுமுன் எங்கள் சந்துப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பொறுமையே கிடையாது. இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பாள்.

மற்றச் சந்துகளில் அந்த விழாவுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் பெட்டியை மாட்டவே விடவில்லை. ஒரு பருவம் முழுக்கப் பேட்டரி மாற்றி அலுத்த பிறகு, கம்பெனி சத்தமில்லாமல் அவள் முறைக்கே மாறியது. அவள் பெயரை எங்கும் சொல்லவில்லை. போனில் அதை அவளிடம் சொல்லி நான் கொதித்தேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "பெட்டி ஒறங்குதில்லே? அது போதும்" என்றாள்.

இந்த விருச்சிகத்தில் காயல் எங்கள் படிக்கட்டைத் தாண்டி உள்ளே வந்தது. வருவதற்கு வெகு நேரம் முன்பே போன் அடித்துவிட்டது. அரிசியும் பாயும் மிக்ஸியும் மேலே போயாயிற்று. நான் எதிர்வீட்டுக்குப் போனபோது ஹம்சிக்காவை ஏற்கெனவே மாடிப் படியின் மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். நல்ல கையில் சாயா கிளாஸ். கீழே தன் பலகைக் கட்டிலைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்து, லாரி ஓட்டிய காலத்து வார்த்தைகள் எல்லாவற்றையும் எடுத்து வீசிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு போன் போடு" என்று சாயா கிளாஸால் தண்ணீரைக் காட்டினார். "இவன் வந்தான், நான் மேலே உட்கார்ந்து சாயா குடிச்சேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.